மச்சச் சட்டிக்குள் போன அன்ரிபொடி

உங்கள் வீட்டு பிரிஜ்ஜுக்குள் ஒரு முயல் இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதறாதீர்கள். முழு முயல் இல்லை. முயலின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர். சின்னவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

'எந்த பிரிஜ்?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நியாயம்தான். சண்டையில் கரன்ற் போய் எத்தனை மாதம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். எங்கள் வீட்டு பிரிஜ்ஜுக்குள் அம்மா அரிசி வைத்திருக்கிறார். எலி நுழையாத ஒரே அலுமாரி அதுதான். பக்கத்து வீட்டில் கல்யாண அல்பம் வைத்திருக்கிறார்கள். குளிர் இல்லாவிட்டாலும் கதவு இன்னும் அருமையாகச் சாத்துகிறது... செய்தவனுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் நல்லூரில் ஒரு வீட்டில் ஒரு பிரிஜ் உண்மையாகவே குளிர்கிறது. மண்ணெண்ணெயில் ஓடுவது. அதற்குள் இருந்த ஒரு குப்பியால் என் சிநேகிதி சுகந்தியின் இரண்டு வருஷ வேலை இந்தக் கிழமை அந்தரத்தில் தொங்குகிறது. காரணம் யார்? அந்த வீட்டு ரீச்சர் என்றுதான் இந்தப் பத்தியை எழுதத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு போகப் போக வேறு பெயர் வருகிறது.

சுகந்தி கம்பஸில் என்னோடு படித்தவள். பட்டம் கிடைத்ததும் நான் ரியூட்டரியில் நின்று இரசாயனம் கத்தத் தொடங்கினேன். அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். இருவரில் யாருக்கு மூளை என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். யாருக்குச் சம்பளம் என்பதும்.

அவளுடைய கேள்வி மிகச் சின்னது. செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, வந்தால் எங்கள் ஆட்கள் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடிக்கிறார்கள். ஆள் தப்பினால் நெல்லிக்குப் பெயர். தப்பாவிட்டால் விதிக்குப் பெயர். உண்மையில் அது ஈரலைக் காப்பாற்றுகிறதா? இதை எலிகளிடம் கேட்பதுதான் சுகந்தியின் வேலை.

சில எலிகளுக்கு நெல்லிச் சாறு. சிலவற்றுக்கு வெறுந்தண்ணீர். பிறகு எல்லாவற்றுக்கும் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு, ஒரே அளவில். ஈரல் உடைந்தால் அதற்குள் அடங்கியிருக்கவேண்டிய ஒரு நொதியம் இரத்தத்துக்குள் ஒழுகும். தப்பினால் ஒழுகாது. ஆகவே, எலியின் இரத்தத்தில் அந்த நொதியம் இருக்கிறதா இல்லையா? இவ்வளவுதான்.

இதை அளக்கக் கம்பஸில் ஒரு அருமையான மெஷின் இருக்கிறது. அதற்குக் கரன்ற் வேணும். ஆகவே இருக்கிறது, அவ்வளவுதான். லெக்சரர்மார் அதன்மேல் ஹெல்மெற் வைக்கிறார்கள். பெற்றோல் இல்லாத ஊரில் ஹெல்மெற் எதற்கு என்று கேட்காதீர்கள்.

அதனால்தான் அன்ரிபொடி. பாடப்புத்தகத் தமிழில் பிறபொருளெதிரி. எலியின் ஈரல் நொதியத்தை எடுத்து ஒரு முயலுக்கு ஊசியாகப் போடுவார்கள். முயலின் உடம்பு, 'இது எங்கடை ஆள் இல்லையே' என்று கோபப்பட்டு, அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு பொருளை இரத்தத்தில் உண்டாக்கும். அதுதான் குப்பியில் வருகிறது. கண்ணாடித் தட்டில் ஏகார் ஜெலி ஊற்றி, அதில் சின்னச் சின்னக் கிணறுகள் குத்தி, நடுக் கிணற்றில் அன்ரிபொடியும் சுற்றுக் கிணறுகளில் எலி இரத்தமும் விடவேண்டும். இரண்டும் ஜெலிக்குள் ஊறி ஊறி வரும். நொதியம் இருந்தால், சந்திக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். வெறுங்கண்ணுக்குத் தெரியும். கரன்ற் வேண்டாம், பற்றரி வேண்டாம், பெற்றோல் வேண்டாம். எங்களை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்தார்களோ?

ஒரேயொரு நிபந்தனை. பாவிக்கும்வரை அன்ரிபொடி குளிரில் இருக்கவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து அவளுடைய பேராசிரியரின் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பினார். கொழும்பில் ஒரு மாதம் குளிரில் கிடந்து, பிறகு ஐஸ் போட்ட சுடுதண்ணிப் பிளாஸ்க்குக்குள், ஒரு லெக்சரரின் மடியில் இருந்து வந்தது. வழியில் சோதனை. பற்றரி கொண்டுவர ஏலாது. இன்னும் என்னென்ன ஏலாது என்பது உங்களுக்கு மனப்பாடம். முயல் இரத்தத்தைத் தடைசெய்ய மட்டும் ஒருவருக்கும் இன்னும் யோசனை வரவில்லை. இதை வாசித்துவிட்டு யாருக்காவது வந்தால் நான் பொறுப்பல்ல.

சுகந்திக்குச் சொந்த ஊர் புத்தூர். கம்பஸுக்காக நல்லூரில் ஒரு ரீச்சர் வீட்டில் தங்கியிருக்கிறாள். ரீச்சர் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய கணவரை நாங்கள் அங்கிள் என்போம். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர். இப்போது அவருக்கே சீனி வருத்தம். இன்சுலின். அதற்காகத்தான் ரீச்சர் விளக்குக்குக்கூட இல்லாத மண்ணெண்ணெயை பிரிஜ்ஜுக்கு ஊற்றுகிறார். அதன் கதவு ஒரு நாளைக்கு இரண்டே தரம் திறக்கும். காலை ஊசிக்கு, பின்னேர ஊசிக்கு. திறப்பவர் ரீச்சர் மட்டும். மூலஸ்தானத்துக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

குப்பியைக் கொடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன்.

"என்ன பிள்ளை உது?" என்றார் ரீச்சர்.

"மருந்து, ரீச்சர்," என்றாள் சுகந்தி.

"என்ன வருத்தத்துக்கு?"

"ஈரலுக்கு."

ரீச்சர் தலையை ஆட்டினார். குப்பி, வந்த மட்டைப் பெட்டியோடேயே, இன்சுலினுக்குப் பின்னால் போய் இருந்தது. விஷயம் முடிந்தது.

படித்தவர்கள் பொய் சொல்வதில்லை, கவனியுங்கள். சுருக்கிச் சொல்வார்கள். ஈரல் என்பது உண்மை. மருந்து என்பது... வசதி. அந்த வசதியைச் சொல்லிக்கொடுத்த மேதாவி யார் என்கிறீர்கள்? நான்தான். "முயல், எலி எண்டு விளங்கப்படுத்த வெளிக்கிட்டா இண்டைக்கு முடியாது. மருந்தெண்டு சொல்லு, காணும்" என்று ஒழுங்கையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதே சொல்லியிருந்தேன்.

போன சனிக்கிழமை நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. இனி இருபத்தைந்து நாள் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் வீட்டுப்படி ஏறாது. உங்களுக்குத் தெரியாததா? முதல் நாளே வீடு கழுவி, மச்சம் சமைக்கிற சட்டிகளை வேறாகப் பிரித்துப் பின்வளவு விறகுக் கொட்டிலுக்கு அனுப்பிவிடுவோம். தேரும் தீர்த்தமும் முடிந்து, பூங்காவனமும் ஆனபிறகுதான் அவை திரும்பி வரும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்குத் தெரியாமல் போனது ஒன்று: ரீச்சர் வீட்டில் பிரிஜ்ஜும் கழுவப்படும். கழுவுகிறவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கழுவுவார்.

திங்கட்கிழமை மத்தியானம் சுகந்தி எலிகளுக்கு நஞ்சு கொடுத்தாள். சரியாக ஒரு நாளில் இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். பிந்த ஏலாது. இன்னொருமுறை செய்ய எலியும் இல்லை, நஞ்சும் இல்லை.

செவ்வாய் காலை ஒன்பது மணி. நான் ரியூட்டரியில் கரும்பலகைக்கு முன்னால். வாசலில் சைக்கிள் ஒன்று தடாரென்று விழுகிற சத்தம். சுகந்தி.

"டேய், வெளிக்கிடு. ரீச்சர் உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"ஏனாம்?"

"குப்பி பிரிஜ்ஜுக்குள்ளை இல்லையடா. எங்கையெண்டு சொல்லமாட்டாவாம், நீயும் வந்து நிண்டாத்தானாம்."

அறுபது மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரை வாத்தியார் கூப்பிடுகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமில்லை?

ரீச்சர் விறாந்தையில் மேசைக்கு முன்னால் இருந்தார். மேசையில் மட்டைப் பெட்டி மட்டும். வெறும் பெட்டி.

"இரும் தம்பி. இதிலை இருக்கிறதை வாசியும்."

"ரீச்சர், நேரம்..."

"வாசியும்."

வாசித்தேன். "ராபிற் அன்ரி-ராற் லிவர்..."

"நிப்பாட்டும். ராபிற் எண்டா?"

"முயல், ரீச்சர்."

"ராற்?"

"எலி."

"லிவர் பிள்ளைக்குத் தெரியும். கீழை வாசியும்."

கீழே பொடி எழுத்து. அதுவரை நான் பார்க்காதது. சுகந்தியும் பார்க்கவில்லை என்பது அவள் எட்டிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"ஃபோர் ரிசேர்ச் யூஸ் ஒன்லி. நொட் ஃபோர் ஹியூமன் யூஸ்."

"தமிழிலை?"

"ஆராய்ச்சிக்கு மட்டும்... மனிசருக்குப் பாவிக்கக் கூடாது."

"மனிசருக்குப் பாவிக்கக் கூடாததுக்குப் பேர் மருந்தோ?"

நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்தோம். நல்ல சிவப்புச் சீமெந்து நிலம்.

"மருந்தெண்டா நான் மச்சம் பாக்கிறேல்லை," என்றார் ரீச்சர். "அது வேறை. மருந்தில்லையெண்டா மிச்சம் என்ன இருக்கு? முயல். முயலெண்டா மச்சம். கொடி ஏறினாப் பிறகு மச்சம் எங்கை இருக்கவேணும்?"

சுகந்தி பின்வளவுப் பக்கம் திரும்பினாள். "மச்சச் சட்டிக்குள்ளை..."

"அங்கைதான் இருக்கு."

சொல்லுங்கள், எங்கே பிழை? எந்த வரியில் பிழை பிடிப்பீர்கள்? கேத்திரகணிதம் படிப்பிக்கிறவன்கூட இவ்வளவு சுத்தமாக நிறுவமாட்டான்.

"எப்ப வைச்சனீங்கள், ரீச்சர்?"

"வெள்ளிக்கிழமை."

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். தகரக் கூரை. இந்த வெயில். குளிரில் இருக்கவேண்டிய சாமான் நாலு நாள் மச்சச் சட்டிக்குள்!

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குப் புதிதில்லை. "அப்ப அங்கிளின்ரை இன்சுலின் எதிலையிருந்து எடுக்கிறதெண்டு தெரியுமோ, ரீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். மேசைக்குக் கீழே சுகந்தி என் காலை நசுக்கினாள். பிந்திவிட்டது.

பதில் உள்ளேயிருந்து வந்தது. சாய்மனைக் கதிரையில் அங்கிள்.

"பண்டியிலையிருந்து, தம்பி. சிலது மாட்டிலை. நான் எத்தினை வரியம் ஆஸ்பத்திரியிலை குப்பை கொட்டினனான், உது தெரியாதே?"

"எனக்கும் தெரியும்," என்றார் ரீச்சர், கண்ணாடியைக் கழற்றாமலே. "அது இவர் உயிரோடை இருக்கிறதுக்கு. உது எலிக்கு."

"அப்பாடா," என்றார் அங்கிள். "எலியிலும் பாக்க நான் ஒருபடி மேலை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்கு இண்டைக்குத்தான் சொல்லுறா."

ரீச்சர் சிரிக்கவில்லை. சுகந்தியைப் பார்த்தார்.

"நான் எறியேல்லைப் பிள்ளை. மற்றவையின்ரை சாமானை எறியிற பழக்கம் எனக்கில்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். முயல் எண்டு முதலே சொல்லியிருந்தா என்ன? குருநகரிலை என்னோடை படிப்பிச்ச ரீச்சர் இருக்கிறா. அவவிட்டையும் மண்ணெண்ணெய் பிரிஜ் இருக்கு. வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவை, அவைக்கு நல்லூர்க் கொடியில்லை. நானே கொண்டுபோய் வைச்சிருப்பனே?"

சுகந்தி வெறும் பெட்டியை எடுத்துக் கடைசி வரியை வாசித்தாள்.

"ரீச்சருக்கு உதெல்லாம் விளங்காது எண்டு நினைச்சனீங்கள். என்ன தம்பி?"

என்ன சொல்ல? ஓம் என்றா?

இரண்டு விஞ்ஞானப் பட்டதாரிகள், ஒரு பேராசிரியர், குப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு லெக்சரர். இத்தனை பேரின் கைக்குள்ளும் அந்தப் பெட்டி போய் வந்தது. கடைசி வரி மட்டும் விடாமல் வாசித்தவர் ரீச்சர் ஒருவர்தான். அவருக்குத்தான் விளங்காது என்று நாங்கள் தீர்மானித்தோம்.

யோசித்துப் பாருங்கள். எங்களுக்கும் மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள்? பாதை ஏன் பூட்டு? உங்கள் நன்மைக்கு. சாமான் ஏன் வராது? உங்கள் நன்மைக்கு. எல்லாம் மருந்துதான். பெட்டியை மட்டும் கையில் தரமாட்டார்கள். அவர்களைத் திட்டித் திட்டி எத்தனை கிழமை எழுதியிருக்கிறேன்! சந்தர்ப்பம் கிடைத்ததும் நானும் என்ன செய்தேன்?

சரி. அழுவதற்கு நேரமில்லை. கொட்டிலுக்கு ஓடினோம். சட்டிக்குள் ஒரு பழைய சீலைத்துண்டு, அதற்குள் குப்பி. உடையாமல் இருக்க நாலு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார். கையில் எடுத்தால் ஆறிப்போன பிளேன்ரீயின் சூடு.

கம்பஸுக்குப் போகிற வழியில் நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

"எடி, உனக்கு நெல்லி குடிச்ச எலியிலை கோடு வரக்கூடாது, அதுதானே வேணும்? அன்ரிபொடி செத்திருந்தா கோடு வராதுதானே? நல்லதெல்லே!"

சுகந்தி பிறேக் பிடித்து நின்றாள்.

"செத்த அன்ரிபொடி எல்லா எலியையும் சுகதேகி எண்டுதானடா சொல்லும். ஈரல் கரைஞ்சு போன எலியையும். நெல்லி காப்பாத்தினதோ, அன்ரிபொடி செத்ததோ எண்டு ஆர் சொல்லுவினம்? நீயோ?"

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அவளுக்குச் சந்தோஷமான முடிவும் சர்வநாசமும் பார்வைக்கு ஒன்றுதான். வெறும் ஜெலி.

ஆகவே முதலாவது கிணற்றில் அவள் விடப்போவது எலி இரத்தமில்லை. அரைத்த எலி ஈரலின் சாறு, நொதியம் நிறைந்தது. அதற்கு முன்னால் கோடு விழுந்தேயாகவேண்டும். விழுந்தால் அன்ரிபொடி உயிரோடு இருக்கிறது. மற்றக் கிணறுகள் சொல்வதை நம்பலாம். விழாவிட்டால் இரண்டு வருஷமும் வீண். இன்னொரு குப்பிக்குக் கடிதம் எழுதி, அது போய், பதில் வந்து, குப்பி வந்து... அதற்கிடையில் அவளுடைய தவணை முடிந்துவிடும். கம்பஸில் ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை புத்தூரில் அப்பாவோடு வெங்காயம் நடப் போகலாம் என்று பேராசிரியர் பகிடிபோலச் சொல்லியிருக்கிறார். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

நேற்று மத்தியானம் எலிகளிடம் இரத்தம் எடுத்தாள். மண்ணெண்ணெய்க் குக்கரில் ஏகார் காய்ச்சினோம். கிணறு குத்துவதற்குப் பழைய போல்பொயின்ற் பேனையின் குழாய். முதலாவது கிணற்றில் ஈரல் சாறு, இரண்டாவதில் தண்ணீர் குடித்த எலி, மூன்றாவதில் நெல்லி குடித்த எலி. நடுவில் அந்தச் சட்டிக்குள் கிடந்த முயல். ஈரப்பஞ்சு வைத்து மூடி, மேசையில் வைத்தாள். அவ்வளவுதான். இனிச் செய்ய ஒன்றுமில்லை. ஒரு நாள் எடுக்கும், சிலவேளை இரண்டு.

கை விஷயம் முடிந்து கண் விஷயம் தொடங்கினால் எவ்வளவு கொடுமை தெரியுமா?

இன்று காலை எட்டு மணிக்குப் பார்த்தோம். ஒன்றுமில்லை. பத்துக்கு ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு எனக்கு ஒரு கோடு தெரிந்தது. அது தட்டில் இருந்த கீறல். சுகந்தி என்னை வெளியே போகச் சொன்னாள்.

பன்னிரண்டரைக்கு அங்கிள் சைக்கிளில் வந்தார், சோற்றுப் பார்சலோடு. வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, கீரை. மச்சமில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

"ரீச்சர் தந்து விட்டவ. பிள்ளை நேற்றும் சாப்பிடேல்லையாம்."

"ரீச்சருக்கு இன்னும் கோபமோ, அங்கிள்?" என்றேன்.

"கோபமோ? காலமை ஊசியை எடுத்துக்கொண்டு வந்து நிண்டு, 'அது சூட்டிலை பழுதாகுமெண்டு பெட்டியிலை போட்டிருந்ததே, அதை நான் ஏன் வடிவா யோசிக்கேல்லை' எண்டு எனக்குக் குத்தாமல் கதைச்சுக்கொண்டு நிக்கிறா. எனக்குச் சீனி ஏறுது." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, கோடு வந்தா ஓடிவந்து சொல்லுங்கோ. வராட்டி... ஆறுதலாய் வாங்கோ."

சுகந்தி பார்சலைப் பிரிக்கவில்லை. தட்டையும் நகர்த்தவில்லை. அதற்குப் பக்கத்தில் நாடியைக் கையில் ஊன்றி இருக்கிறாள். நெல்லி வேலை செய்ததா என்ற கேள்வியை அவள் இப்போது கேட்கவேயில்லை. இரண்டு வருஷமாகக் கேட்ட கேள்வி! இப்போது அவளுக்கு ஒரேயொரு கிணறுதான்.

நான் ஜன்னலோரத்தில் இருந்து இதை எழுதுகிறேன். மூன்றரைக்குப் பேப்பர் ஒபிஸிலிருந்து ஆள் வருவார். இதை எழுதட்டுமா என்று நேற்றே ரீச்சரிடம் கேட்டேன். "எழுதும். முழுக்க எழுதும். சுருக்காதையும்," என்றார். இதைவிடப் பெரிய அடி வாத்தியார்மார் யாரிடமும் நான் வாங்கியதில்லை.

"டேய்."

சுகந்தி தட்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்திருக்கிறாள்.

"இஞ்சை வா. கிட்ட மூச்சு விடாதை."

போய்ப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தேன், கீழிருந்து பார்த்தேன், கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கீறல் இல்லை.

இப்போது மூன்று மணி பத்து. முதலாவது கிணற்றுக்கு முன்னால் நூலளவு வெள்ளைக் கோடு ஒன்று இருக்கிறது.